பாக்கெட் போன பிறகு எதற்கு மாறினீர்கள்?

தாளடுக்கு

கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேமித்து வைக்கும் பாக்கெட் செயலி 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டது. அதை நடத்திய மொசில்லா மே 22 அன்றே அறிவித்துவிட்டதால் ஏற்றுமதிக் கோப்பை நேரத்தோடு இறக்கி வைத்துக்கொண்டேன். அது இன்னும் பிரிக்காத ஜிப் கோப்பாகவே கிடக்கிறது. இப்போதைக்கு எனக்கு நானே இணைப்புகளை மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்கிறேன், மீதி எல்லாம் திறந்த டேப்களாக இருக்கின்றன. இப்படியே ஓட்ட முடியாது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆண்ட்ராய்டு போனிலும் கணினியிலும் ஓட வேண்டும். இணையம் கிடைக்காத இடத்திலும் கட்டுரை முழுதாகத் திறக்க வேண்டும். கையில் ஒரு கோபோ மின்னூல் கருவி இருக்கிறது, அதிலும் படிக்க முடிந்தால் நல்லது. தமிழ்க் கட்டுரைகள் நிறைய சேமிப்பேன், அவை சிதையாமல் வர வேண்டும். சந்தா கட்டத் தயார்தான். ஆனால் இரண்டு வருடம் கழித்து இதே கேள்வியோடு மறுபடி இங்கே வந்து நிற்க வைக்காத ஒன்றுக்குத்தான் கட்டுவேன்.

நீங்களெல்லாம் என்ன வைத்திருக்கிறீர்கள்?

அரைத்தூக்கம்

கோபோ இருக்கிறது என்றால் பாதி பதில் கிடைத்துவிட்டது: இன்ஸ்டாபேப்பர். பாக்கெட் இருந்த இடத்துக்குக் கோபோவே 2025இல் இன்ஸ்டாபேப்பரைக் கொண்டுவந்தது. கருவியை அப்டேட் செய்து கணக்கை இணைத்தால் போதும். பாக்கெட்டின் ஏற்றுமதிக் கோப்பையும் வாங்கிக்கொள்ளும். எழுத்து, வரி இடைவெளி, ஓரம் எல்லாம் அமைதியாக இருக்கும். படிக்கச் சொல்லி எதையும் முகத்தில் திணிக்காது. பாக்கெட்டின் கடைசி வருடங்களில் பரிந்துரைகள்தான் முன்னால் வந்து நின்றன என்பது என் மனக்குறை.

முழு உரைக்குள் தேடுவதற்கு மட்டும் சந்தா கட்ட வேண்டியிருக்கும். தலைப்பை வைத்துத் தேடினால் போதும் என்றால் இலவசக் கணக்கிலேயே காலம் தள்ளலாம்.

தாளடுக்கு

இன்ஸ்டாபேப்பர் கைமாறிக்கொண்டே இருந்த ஒன்று இல்லையா? அதனால்தான் யோசனையாக இருக்கிறது.

அரைத்தூக்கம்

உண்மைதான். மார்கோ ஆர்மென்ட் 2008இல் தொடங்கினார். 2013இல் பீட்டாவொர்க்ஸ் கைக்குப் போனது, 2016இல் பின்டரெஸ்ட் வாங்கியது, 2018இல் அதை நடத்தி வந்தவர்களே தனி நிறுவனமாகப் பிரித்துக்கொண்டார்கள். அதே 2018இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது ஐரோப்பாவில் சில மாதம் முடங்கியும் கிடந்தது. இத்தனைக்குப் பிறகும் ஓடுகிறது என்பதை நம்பிக்கையாக எடுத்துக்கொள்வதா பயமாக எடுத்துக்கொள்வதா என்பது உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது. எனக்கு நம்பிக்கைதான். இந்த ஒரு வேலையைத் தவிர வேறு தொழில் இல்லாத சின்ன நிறுவனம் அது. பயனர்கள் கட்டும் சந்தாதான் அவர்களுக்குச் சோறு. பெரிய நிறுவனத்தின் மூலையில் ஒரு கிளைத்திட்டமாக இருப்பதைவிட இது மேல்.

கோப்புக்காரன்

செயலியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் அந்த ஜிப்பைப் பிரித்துப் பாருங்கள் தாளடுக்கு. உள்ளே விரிதாளில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பு இருக்கும். தலைப்பு, முகவரி, சேர்த்த நேரம், டேக், படித்ததா இல்லையா என்கிற நிலை. அவ்வளவுதான். கட்டுரையின் ஒரு வரிகூட அதில் இருக்காது. நூலகத்தை மூடிவிட்டு அட்டவணை அட்டைகளை மட்டும் கையில் கொடுத்தனுப்பிய கதை.

இது ஏன் முக்கியம் என்றால், எந்தச் செயலியில் இறக்குமதி செய்தாலும் அது ஒவ்வொரு முகவரிக்கும் இன்றைக்குப் போய்த்தான் கட்டுரையை எடுத்து வர வேண்டும். பல வருடப் பட்டியல் என்றால் கணிசமான பக்கங்கள் அங்கே இருக்காது. பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வுப்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் 2023 அக்டோபரில் திறக்கவில்லை. பத்து வருடத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. "இறக்குமதி வெற்றி" என்று செயலி காட்டும், தலைப்பைத் தட்டினால் வெற்றுப் பக்கம் வரும். இதை வைத்துப் புதுச் செயலியைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

இன்னொரு நடைமுறை விஷயம். சேர்த்த நேரம் பத்து இலக்க எண்ணாக இருக்கும். 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகள் அவை. விரிதாளில் அந்த எண்ணை 86400ஆல் வகுத்து, 1970 ஜனவரி 1 என்ற தேதியோடு கூட்டினால் சரியான நாள் வந்துவிடும். அதை வைத்து வருடவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இறக்குமதியில் தேதி தொலைந்து, எல்லாமே "இன்று சேர்த்தது" என்று வந்து நின்றால் பட்டியலுக்கு முன்பின் இல்லாமல் போகும். ஒரு செயலியில் எனக்கு அப்படித்தான் ஆனது. அதனால் முதலில் ஒரு சிறு துண்டை மட்டும் இறக்குமதி செய்து, தேதியும் டேக்கும் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

சும்மாயிரு

எல்லோரும் இவ்வளவு சிரமப்படுகிறீர்களே, ஒரு கேள்வி. அந்தப் பட்டியலில் படித்தது எத்தனை, படிக்காதது எத்தனை? நிலை என்கிற பத்தியை வடிகட்டிப் பாருங்கள், பதில் கிடைக்கும். சேமிக்கும்போதே படித்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது, அப்புறம் யார் திறக்கப் போகிறார்கள்? பாக்கெட் மூடியது எனக்கு விடுதலை. இப்போது ஒன்று தோன்றினால் அப்போதே படிக்கிறேன், இல்லையென்றால் விட்டுவிடுகிறேன்.

நள்ளிரவு வாசகி

சும்மாயிரு, உங்களுக்கு ஒத்துவந்தது நல்லதே. ஆனால் படிக்காதது எல்லாம் வீண் என்று கணக்குப் போடாதீர்கள். நான் எழுதும் வேலையில் இருக்கிறேன். ஒரு பொருளைப் பற்றி எழுத உட்காரும்போது, எப்போதோ சேமித்து வைத்த ஐந்தாறு கட்டுரைகள் ஒரே டேகின் கீழ் கிடைப்பதற்கு ஈடு கிடையாது. தேடுபொறியில் தேடினால் இன்றைய தேதிக்கு யார் மேலே வர நினைக்கிறார்களோ அவர்கள்தான் வருகிறார்கள். என் பட்டியலில் வருவது நான் ஒரு தடவை பார்த்து, இது தேறும் என்று முடிவு செய்தவை.

நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வரிசையும் களஞ்சியமும் ஒரே பெட்டியில் கிடப்பதுதான் தொல்லை. இந்த வாரம் படிக்க நினைப்பது வேறு, என்றைக்காவது தேவைப்படும் என்று வைப்பது வேறு. பாக்கெட் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தது, நாமும் அப்படியே பழகிவிட்டோம்.

சும்மாயிரு

வேலைக்காக வைத்திருப்பவர்களை நான் சொல்லவில்லை. "பத்து நிமிட வாசிப்பு" என்று போட்டிருப்பதைப் பார்த்து பிறகு படிக்கலாம் என்று அமுக்கும் என்னைப் போன்றவர்களைச் சொல்கிறேன். சரி, களஞ்சியத்துக்கு நீங்கள் என்ன பயன்படுத்துகிறீர்கள்?

நள்ளிரவு வாசகி

ரெயின்டிராப். அது அடிப்படையில் புக்மார்க் நிர்வாகி, வாசிப்புக்காகப் பிறந்ததில்லை. ஆனால் தொகுப்புகள், டேக்குகள், தேடல் எல்லாம் நன்றாக இருக்கிறது. சந்தா கட்டினால் பக்கத்தின் நிரந்தரப் பிரதியைத் தன் சர்வரில் வைத்துக்கொள்ளும், முழு உரையிலும் தேடும். இலவசக் கணக்கில் பிரதி கிடையாது, ஆக மூலப் பக்கம் போனால் போனதுதான். இணையம் இல்லாமல் படிக்க இதை நம்ப வேண்டாம். அந்த வாரத்துக்கான வாசிப்புக்கு நானும் இன்ஸ்டாபேப்பர்தான்.

ரீட்வைஸ் ரீடரையும் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். செய்திமடல், தளங்களின் புதுப் பதிவுகளைக் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் ஓடை, பிடிஎஃப் எல்லாம் ஒரே இடத்தில் வரும். கோடிட்ட வரிகளை மறுபடி நினைவூட்டும். வாசித்துக் குறிப்பெடுப்பவர்களுக்கு அதைவிட வசதியானது இப்போது இல்லை என்றே சொல்வேன். ஆனால் இலவசப் படியே கிடையாது, தாளடுக்கு கேட்பதற்கு அது அதிகம்.

வேர்முனை

எல்லோரும் சந்தாவிலேயே சுற்றுகிறீர்கள். ஆம்னிவோர் என்ன ஆனது என்று நினைவிருக்கிறதா? திறமூலச் செயலி, இலவசம், பார்க்கவும் அழகு. 2024 அக்டோபர் இறுதியில் இலெவன்லேப்ஸ் என்ற செயற்கைக் குரல் நிறுவனம் அதன் குழுவைச் சேர்த்துக்கொண்டதாக அறிவிப்பு வந்தது, நவம்பரோடு கடை கட்டியாகிவிட்டது. தரவை எடுத்துக்கொள்ளச் சில வாரம்தான் அவகாசம். நிரல் இன்னும் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் நிறுவலாம். ஆனால் அடுத்தவர் சர்வரில் இருந்த பயனர்களுக்கு அந்தத் திறமூலம் அன்றைக்கு உதவவில்லை.

அதற்கு முன்னால் ரீடபிலிட்டி 2016 செப்டம்பரில் மூடியது. கூகுள் ரீடர் 2013 ஜூலையில். ஆகவே என் பதில்: சொந்த சர்வரில் வாலாபேக் அல்லது ரீடெக்.

வாலாபேக் 2013 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு செயலி உண்டு, கட்டுரைகளை இறக்கி வைத்து இணையம் இல்லாமல் காட்டும். ஒரு தளத்திலிருந்து கட்டுரையைச் சரியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை என்றால், அந்தத் தளத்துக்கென்று சின்ன விதிக்கோப்பு எழுதிச் சேர்க்கலாம். பாக்கெட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் இறக்குமதி செய்வதானால் பின்னணியில் ஒவ்வொன்றாக ஏற்றும் ரெடிஸ் வரிசையை முதலில் இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி வழியில் நேரம் முடிந்து நின்றுவிடும். சர்வர் வைத்துக்கொள்ள மனமில்லை என்றால், அவர்களே நடத்தும் கட்டணச் சேவையும் இருக்கிறது. பிறகு எப்போது வேண்டுமானாலும் சொந்த சர்வருக்கு மாறிக்கொள்ளலாம்.

ரீடெக் புதியது, நிறுவ எளிது. ஒரே ஒரு நிரல் கோப்பு, இயக்கினால் ஓடும். ஒவ்வொரு கட்டுரையையும் படங்களோடு சேர்த்துத் தனி ஜிப் கோப்பாக வைக்கிறது. நாளைக்கு ரீடெக்கே இல்லாமல் போனாலும் அந்த ஜிப்பைத் திறந்து படிக்கலாம். எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அரைத்தூக்கம்

சொந்த சர்வர் என்றால் பேக்கப், அப்டேட், சான்றிதழ் புதுப்பிப்பு எல்லாம் நம் தலையில். தாளடுக்கு படிக்க வந்திருக்கிறார், சர்வர் பார்த்துக்கொள்ள வரவில்லை. நிறுவனம் மூடினால் ஏற்றுமதிக்குச் சில வார அவகாசமாவது தருகிறது. பேக்கப் இல்லாத வட்டு கெட்டுப்போனால் அதுவும் கிடையாது.

வேர்முனை

மறுக்கவில்லை. பேக்கப் எடுக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் ரீடெக் விஷயத்தில் பேக்கப் என்பது ஒரே ஒரு அடைவை (ஃபோல்டரை) பிரதி எடுப்பதுதான், அதைப் பூதாகரமாக்க வேண்டாம். சொந்த சர்வரில் ஓடும் கராகீப், லிங்க்வார்டன் போன்ற புக்மார்க் மென்பொருள்களை நிறுவினால் நீங்கள் சொல்வது பொருந்தும். அவற்றில் பல சேவைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடும். லிங்க்வார்டன் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட், பிடிஎஃப் என்று பல வடிவில் சேமிக்கும். ஆவணமாக வைப்பதற்கு அருமை, படுத்துக்கொண்டு படிக்க இல்லை.

எழுத்தெண்ணி

தமிழ்ப் பக்கங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே.

முதலில் தேடல். ஆங்கிலத்தில் சொல்லின் வேரைக் கண்டுபிடித்துத் தேடும் வசதி பல செயலிகளில் உண்டு. தமிழுக்குப் பெரும்பாலும் கிடையாது. "புத்தகம்" என்று தேடினால் "புத்தகத்தை", "புத்தகங்கள்" வராது. சொல்லின் பகுதியைப் பொருத்தித் தேடும் செயலியில் "புத்தக" என்று நிறுத்திவிட்டால் எல்லாம் வந்துவிடும். "கடல்" என்பதற்குப் பதில் புள்ளியை எடுத்துவிட்டு "கடல" என்று தேடினால் கடலில், கடலை, கடலுக்கு எல்லாம் மாட்டும். கடலை மிட்டாயும் மாட்டும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். முழுச் சொல்லை மட்டுமே பொருத்தும் செயலியில் இந்தத் தந்திரம் எடுபடாது. அங்கே டேக் போட்டு வைப்பதைத் தவிர வழியில்லை. சந்தா கட்டும் முன் இதை மட்டும் சோதித்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

இரண்டாவது, கட்டுரைகள் பாதியாகச் சேமிப்பாவது. ஃபயர்பாக்ஸின் வாசிப்புப் பார்வைக்குப் பின்னால் இருக்கும் நிரல் பழைய ரீடபிலிட்டி முயற்சியின் வழித்தோன்றல். பல செயலிகள் அதையோ அதன் சாயலையோதான் பயன்படுத்துகின்றன. அது பக்கத்தில் எது கட்டுரை என்பதை மதிப்பெண் போட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. பத்தி நீளமாக இருந்தால் மதிப்பெண், காற்புள்ளி இருந்தால் மதிப்பெண், இணைப்புகள் நெருக்கமாக இருந்தால் குறைப்பு. 25 எழுத்துக்குறிகளுக்குக் குறைவான பத்தியைக் கணக்கிலேயே எடுக்காது. ஒவ்வொரு அடியையும் தனிப் பத்தியாகப் போட்டிருக்கும் கவிதைப் பக்கம் ஏன் காணாமல் போகிறது, கீழே இருக்கும் ஆசிரியர் குறிப்பு மட்டும் ஏன் சேமிப்பாகிறது என்பதற்கு இதுவே காரணம். அப்படிப்பட்ட பக்கங்களுக்கு சிங்கிள்ஃபைல் என்ற பிரவுசர் நீட்டிப்பு போடுங்கள். திரையில் தெரிவதை அப்படியே ஒரே எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்துவிடும், மதிப்பெண் விளையாட்டெல்லாம் இல்லை.

மூன்றாவது, இருபக்கமும் நேராக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், போன் திரையோ ஒடுக்கம். வரிக்கு மூன்று சொல் வந்து நடுவில் பெரிய ஓட்டைகள் விழும்.

தாளடுக்கு

எழுத்தெண்ணி, கவிதைப் பக்கங்கள் விஷயம் இப்போதுதான் புரிகிறது. என் பட்டியலில் அப்படி நிறைய இருந்தன.

கோப்புக்காரன் சொன்னபடி ஜிப்பைப் பிரித்து வருடவாரியாக அடுக்கிவிட்டேன். பழைய வருடங்களில் நிறைய முகவரிகள் திறக்கவில்லை. சில தளங்கள் திறக்கின்றன, ஆனால் கட்டுரை இருந்த இடத்தில் முகப்புப் பக்கம் வருகிறது. இவற்றை மீட்க வழி உண்டா?

கோப்புக்காரன்

வேபேக் மெஷின், பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளை வைத்திருக்கும் தளம். அதன் முகவரிக்குப் பின் ஆண்டையும், அதற்குப் பின் பழைய கட்டுரையின் முழு முகவரியையும் போட்டால், அந்த ஆண்டுக்கு மிக அருகில் இருக்கும் பிரதிக்குத் தானாகவே கூட்டிப்போகும். உங்களிடம் சேர்த்த தேதி இருக்கிறதல்லவா, விரிதாளிலேயே இந்த முகவரிகளைச் சூத்திரம் போட்டு உருவாக்கிவிடலாம். முகப்புக்குத் திருப்பிவிடும் தளங்களுக்கும் இது வேலை செய்யும், ஏனென்றால் பழைய பிரதி திருப்பிவிடுவதற்கு முந்தையது.

எல்லாவற்றையும் மீட்க முயலாதீர்கள். அங்கே சும்மாயிருவின் பேச்சைக் கேளுங்கள். தலைப்பைப் பார்த்ததும் எதற்குச் சேமித்தோம் என்று நினைவுக்கு வருவதை மட்டும் தேடுங்கள்.

இனிமேல் சேமிப்பவற்றில் முக்கியமானவற்றை அதே தளத்தில் நீங்களே பதிவு செய்யச் சொல்லலாம், அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. சந்தாச் சுவருக்குப் பின்னால் இருக்கும் கட்டுரைக்கு மட்டும் அது உதவாது.

ஓரக்குறிப்பு

சந்தாச் சுவர் என்றதும் ஒன்று. போனில் பகிர்வுப் பொத்தானை அமுக்கிச் சேமித்தால் பெரும்பாலும் முகவரி மட்டும்தான் போகிறது. சர்வர் போய் எடுக்கும்போது அதற்கு உங்கள் சந்தா கிடையாது, முன்னுரை மட்டும் வரும். இயந்திர வருகையைத் தடுக்கும் தளங்களில் அதுவும் வராது. பிரவுசர் நீட்டிப்பு வழியாக, நீங்கள் உள்நுழைந்து பார்க்கும் பக்கத்தையே அனுப்பும் செயலி என்றால் முழுதாக வரும். ரீடெக்கின் நீட்டிப்பு அப்படிச் செய்கிறது. கராகீப்புக்கு சிங்கிள்ஃபைலிலிருந்தே அனுப்பலாம்.

சும்மாயிரு

கோப்புக்காரன் என்னை மேற்கோள் காட்டுவார் என்று எதிர்பார்க்கவில்லை. பதிவு செய்துகொள்கிறேன்.

தாளடுக்கு

முடிவுக்கு வந்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன். தினசரி வாசிப்புக்கு இன்ஸ்டாபேப்பர், கோபோவில் இணைத்தாயிற்று. பாக்கெட் பட்டியலை அதில் ஏற்றவே இல்லை, புதிதாகவே தொடங்கினேன். பழையவற்றில் தேறியதை ரீடெக்கில் போடுகிறேன். என் பழைய மடிக்கணினியிலேயே ஓடுகிறது, வேர்முனை சொன்ன அளவுக்கு எளிதுதான். கவிதைப் பக்கங்கள் தனியாக சிங்கிள்ஃபைல் கோப்புகளாக ஒரு அடைவில். தேடல் சோதனையும் செய்தேன், எழுத்தெண்ணியின் தந்திரம் ஒன்றில் எடுபட்டது, இன்னொன்றில் எடுபடவில்லை. எடுபடாததில் டேக்தான்.

இதில் அரைத்தூக்கம் பயப்பட்டது போல பேக்கப் வேலை வந்துசேர்ந்துவிட்டது. அந்த அடைவை வாரம் ஒருமுறை வெளிவட்டுக்குப் பிரதி எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. ரீடெக்கில் இருப்பதையும் கோபோவில் படிக்க முடியுமா? இல்லை ஒவ்வொன்றாக இபப் என்ற மின்னூல் கோப்பாக எடுத்துக் கேபிளில் ஏற்ற வேண்டுமா?

வேர்முனை

கேபிள் வேண்டாம். கோபோவில் கேஓரீடர் என்ற வாசிப்பு மென்பொருளை நிறுவுங்கள், கோபோவின் சொந்த மென்பொருளுக்குப் பக்கத்திலேயே இருக்கும், இன்ஸ்டாபேப்பரைத் தொந்தரவு செய்யாது. ரீடெக் தன் கட்டுரைகளை ஓபிடிஎஸ் பட்டியலாக, அதாவது வாசிப்பு மென்பொருள்கள் நேராகத் திறக்கும் மின்னூல் பட்டியலாக, தருகிறது. ரீடெக் அமைப்புகளில் செயலிக் கடவுச்சொல் ஒன்று உருவாக்கி, அந்தப் பட்டியல் முகவரியோடு கேஓரீடரில் கொடுங்கள். உங்கள் வழக்கமான கடவுச்சொல் அங்கே ஏற்காது, அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். அப்புறம், மடிக்கணினி விழித்திருக்க வேண்டும், இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கட்டுரையைத் தட்டினால் இபப் ஆக இறங்கிவிடும். இறங்கிய பிறகு இணையம் தேவையில்லை.